அடுப்புக் காவல்

கல்யாணசுந்தரிக்கு வாய் நீளம். புளியறை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அவள் நடத்துகிற இட்லிக் கடையில் லாரிக்காரர்கள் வரிசையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டுப் போவார்கள். சாம்பாரைவிட அந்தத் திட்டுதான் ருசி என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அதே வாய் ஒரு நாள் வனத்துறை அலுவலகத்தில் வைத்து அவளையே மாட்டிவிடும் என்று யாரும் நினைக்கவில்லை, அவள் உட்பட.

விஷயம் இதுதான். அவளுடைய ஊர் ஆலடிப்புதூர். ஊருக்கு மேற்கே மலையேறத் தொடங்கி ஒரு மணி நேரம் நடந்தால் கல்லோடைச் சாஸ்தா கோயில் வரும். கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. ஒரு பாறை, பாறைக்கு முன்னால் பீடம், பக்கத்தில் மணல் பரந்த ஓடை. வருஷம் முழுக்கக் குரங்குகளுக்கும் மிளா மான்களுக்கும் விட்டுக் கொடுத்திருக்கிற அந்த இடத்துக்குப் பங்குனி உத்திரத்தன்று நாற்பத்து மூன்று குடும்பங்கள் வந்து சேரும். பாதிக் குடும்பங்களில் ஆம்பிளைகள் போலீஸ், பட்டாளம்; மீதிப் பேர் திருப்பூர், சென்னை, பெங்களூரு. எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அவரவர் தாத்தா காலத்து மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். சாமிக்குப் பொங்கிய அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம். அது தானாக எரிந்து தானாகத்தான் அவிய வேண்டும். ஊற்றினால் வம்சத்துக்கு ஆகாதாம். சரி, ஊற்ற வேண்டாம். அவிகிற வரை உட்கார்ந்திருக்கலாமே? அதுதான் கிடையாது. சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு வேனைப் பிடிக்க ஓடுவார்கள். மூன்று மணிக்கு மேல் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பும். நாற்பத்து மூன்று அடுப்புக் கங்கும், பங்குனி மாசத்துச் சருகும், அந்தக் காற்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டு வருஷமாகத் தொடர்ந்து தீப்பிடித்தது. போன வருஷம் எரிந்தது கல்யாணசுந்தரி நட்ட சரிவு. கிராம வனக் குழுவில் இருந்த பதினோரு பெண்கள் தலையில் தண்ணீர் சுமந்து போய் ஊற்றி வளர்த்த நெல்லியும் வேங்கையும் இடுப்பளவு வந்திருந்தன. மறுநாள் போய்ப் பார்த்தபோது கறுப்புக் குச்சிகள்தான் நின்றன. புருஷன் செத்தபோதுகூட ஊரார் முன்னால் அழாத கல்யாணசுந்தரி, அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இந்த வருஷம் மாசி மாதம் ரேஞ்சர் கூப்பிட்டு அனுப்பினார். கோயில் பாதையை மூன்று வருஷத்துக்கு அடைக்கப் போவதாகச் சொன்னார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாதையை அடைத்தால் ஜனம் வேறு வழியாகத் திருட்டுத்தனமாக ஏறும். அப்போது யார் எங்கே அடுப்பு கூட்டினார்கள் என்றே தெரியாது. இதைத்தான் குழுத் தலைவி என்ற முறையில் அவள் சொல்லப் போனாள். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இந்த வருஷம் கல்லோடையில ஒத்தப் புல்லு கருகுனாலும், நானே வந்து பாதைக்கு முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சுத் தாரேன் சார். கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுதேன்!"

ரேஞ்சர் வனவரைப் பார்த்தார். கிறிஸ்டி என்ற அந்தச் சின்ன வயசு வனவர், நாகர்கோவில்காரி, சொன்னதைச் சொன்னபடி எழுதி நீட்டினாள். கல்யாணசுந்தரி கையெழுத்துப் போட்டாள். இந்த உத்திரம் வரை பாதையை அடைப்பதில்லை என்று ஆயிற்று.

செய்தி ஊருக்கு வருவதற்குள் கைகால் முளைத்துவிட்டது. பாதையை அடைக்கச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். கடைக்கு மாவரைக்க வருகிற மூக்கம்மாள்தான் இதை மூச்சு வாங்கச் சொன்னாள். அவளும் வனக் குழுவில் ஒருத்தி.

"ஏக்கா, நம்ம சாமியை அடைக்க நீ யாருன்னு கேக்காவ. நாளப்பின்ன கோயிலு இல்லாமப் போச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து மண்ணள்ளித் தூத்துவாவளாம்."

"தூத்தட்டும். பெருக்குததுக்கு நான் இருக்கேன்" என்றாள் கல்யாணசுந்தரி. அன்று அவள் ஊற்றிய தோசை நாலு கருகிப் போயிற்று.

பயம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பயத்தோடுதான் யோசித்தாள். தண்ணீர் ஊற்று என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் அதைச் சொல்லக் கூடாது. அடுப்பை மரத்தடியிலிருந்து ஓடை மணலுக்குக் கொண்டுவர வேண்டும். குடும்பத்துக்கு ஒரு ஆள், சாம்பல் கைபொறுக்க ஆறுகிற வரை அங்கேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு அடுப்புக் காவல் என்று பேரும் வைத்து, சாஸ்தா குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டாள்.

முதல் நாள் வசவு வந்தது. இரண்டாம் நாள், மணலில் யார் அடுப்பு முதலில், யாருடையது கடைசியில் என்று சண்டை வந்தது. சண்டை வந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றால் மணலுக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்! பீடத்திலிருந்து ஓடையோடு கீழே, தலைக்கட்டு மூப்புப்படி ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை வரிசை போட்டுக் கொடுத்தாள். தனக்குக் கடைசி இடம்.

ஒன்றாம் இடத்துக்காரர் மட்டும் மசியவில்லை. சுடலையாண்டி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், தென்காசியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். வயசு அறுபத்தெட்டு, மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. அவருடைய பதில் பதினோரு விநாடிதான் ஓடியது.

"எங்க அடுப்பு ஏழு தலைமொறையா மருதமரத்து மூட்டுல இருக்கு. அது அங்கனதான் இருக்கும். மணல்ல பொங்குததுக்கு நாங்க என்ன ஆத்துக்கா குளிக்கப் போறோம்?"

உத்திரத்தன்று காலை கல்யாணசுந்தரியும் குழுப் பெண்களும் விடியும்போதே மேலே போய் மணலில் கல் கூட்டி வைத்துவிட்டார்கள். ஜனம் வந்தது. குழந்தைகள் ஓடையில் புரண்டன. நாற்பத்திரண்டு அடுப்பு மணலில் ஒரே நேர்கோட்டில் புகைந்ததைப் பார்த்தபோது வந்தவர்களுக்கே அது பிடித்துப் போயிற்று. கைபேசியை எடுத்து மாறி மாறிப் படம் பிடித்தார்கள். சுடலையாண்டி மட்டும் தன் பெரிய குடும்பத்தோடு கரையேறி, மருதமரத்தடியில் பழைய மூன்று கல்லில் தீ மூட்டினார்.

கல்யாணசுந்தரி போய் எதிரில் நின்றாள்.

"என்னம்மா, கேஸ் போடப் போறியா?"

"நான் யாரு அண்ணாச்சி உங்களுக்குக் கேஸ் போட? அடுப்பு இங்கனயே இருக்கட்டும். அணையுத வரைக்கும் காவல் இருக்கணும்லா, அது மட்டும் மாறாது. உங்க வீட்டுல இருந்து யாரு இருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். மகன் லிங்கேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ராத்திரி ரயிலுக்கு மூட்டை கட்ட வேண்டும். மருமகள் குழந்தையைப் பார்த்தாள். மணலிலிருந்து அத்தனை குடும்பமும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நானே இருக்கேன்" என்றார் சுடலையாண்டி. "முப்பத்தாறு வருஷம் பாரா நின்னவன் நான். ஒரு அடுப்புக்கு நிக்க மாட்டனா?"

அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கல்யாணசுந்தரி இறங்கிப் போனாள். மருதமரத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குச் சருகு கிடந்தது. மூக்கம்மாளைக் கொஞ்சம் பெருக்கச் சொன்னாள். பெருக்கப் பெருக்க மரம் உதிர்த்துக்கொண்டே இருந்தது.

பூஜை முடிந்தது. சாஸ்தாவுக்கு அபிஷேகம் செய்த தண்ணீரை வழக்கம் போல ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். சென்னையில் இருக்கிற மகளுக்கென்று சுடலையாண்டி அஞ்சு லிட்டர் கேன் நிறையப் பிடித்துக் காலடியில் வைத்திருந்தார். சாப்பாடு ஆயிற்று. இரண்டு மணிக்குக் குடும்பங்கள் இறங்கத் தொடங்கின. இரண்டரை மணிக்கு மலை மேல் மிச்சம் இருந்தது நாற்பத்து மூன்று பேர்.

அவர்கள் ஒன்றும் ஆசையாக இருக்கவில்லை. ஆவடியில் ஏட்டாக இருக்கிற முத்துச்செல்வம் தன் சாம்பலுக்கு விசிறிவிட்டுப் பார்த்தான், சீக்கிரம் ஆறுமாம். விசிறினால் கங்கு இன்னும் சிவக்கும் என்று கல்யாணசுந்தரி போய் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. உச்சிமாகாளி என்ற பட்டாளத்துக்காரர் மணலில் துண்டை விரித்துக் குறட்டை விட்டார்.

மூன்றரைக்குக் காற்று வந்தது. காற்றோடு ஒரு வாசனையும் வந்தது. சுடலையாண்டிதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஏட்டி கல்யாணசுந்தரி! மேல பாரு!"

வடக்கு முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை இல்லை. மஞ்சளும் கறுப்புமாக, புல் எரிகிற புகை. அதை மூட்டியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. இவர்களுடைய அடுப்பு எதுவும் இல்லை, அது மட்டும் நிச்சயம். தீ முகட்டைத் தாண்டி இறங்கினால் முதலில் வருவது போன வருஷம் எரிந்த சரிவு. அதில் மறுபடி நட்டது முழங்கால் உயரம் நின்றது. அதற்குக் கீழே கோயில், அதற்குக் கீழே மூங்கில் காடு, அதற்கும் கீழே ஊர்.

கல்யாணசுந்தரி கிறிஸ்டிக்குப் போன் போட்டாள். அவள் வேறொரு இடத்தில் தீயணைத்துக்கொண்டிருந்தாள். வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றாள். காற்று ஒரு மணி நேரம் காத்திருக்காது.

முகட்டில் தீக்கோடு ஒன்று இருந்தது. தை மாதம் குழுப் பெண்கள் வெட்டியது. பத்தடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிய வெறும் தரை. தீ அங்கே வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். ஆனால் இரண்டு மாசமாகச் சருகு விழுந்து கோடே தெரியாமல் மூடிக் கிடந்தது. தீ வருவதற்குள் அதைக் கூட்டித் தள்ள வேண்டும். பதினோரு பெண்களுக்கு அது அரை நாள் வேலை.

திரும்பிப் பார்த்தாள். மணலில் நாற்பத்தொரு பேர் எழுந்து நின்றார்கள். அதில் பாதி போலீஸும் பட்டாளமும். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இந்நேரம் அங்கே ஒரு ஈ காக்கை இருந்திருக்காது.

"எல்லாரும் பச்சைத் தழையா ஆளுக்கொரு கொப்பு ஒடிங்க! முகட்டுக்கு ஏறுங்க! அடுப்பு வரிசையிலயே நில்லுங்க, ஆளுக்குப் பத்து எட்டு. உங்க அடுப்புக்குப் பக்கத்து அடுப்புக்காரன் யாரோ, அவன்தான் அங்கனயும் உங்களுக்குப் பக்கம். பாம்பு பல்லி பாத்துக் காலை வைங்க!"

ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எந்த இடத்துக்காக ஒரு மாசம் சண்டை போட்டார்களோ அந்த இடம் எல்லோருக்கும் மனப்பாடம். மணலில் கிடந்த கங்குகளைப் பற்றிக் கவலை இல்லை, சுற்றிலும் மணல். கவலை மருதமரத்தடியில் இருந்தது. காற்று அடிக்க அடிக்க அங்கே மூன்று கல்லுக்கு நடுவில் கங்கு கண் விழித்துக்கொண்டிருந்தது. ஒரு பொறி சருகில் விழுந்தால் போதும். மேலே போகிறவர்களுக்கு முன்னாலும் தீ, பின்னாலும் தீ.

சுடலையாண்டி அடுப்புக்கும் முகட்டுக்கும் நடுவில் நின்றார். நிழலிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நீங்க போங்க. நான் இதைப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"ஒத்த ஆளு இந்தக் காத்துக்கு என்னத்தைப் பாப்பிய? பறந்தா உங்களையும் சேத்துத்தான் எரிக்கும்."

"அப்போ என்ன செய்யச் சொல்லுதே? தண்ணி ஊத்தச் சொல்லுதியா? என் பேரப்பிள்ளைய நல்லா இருக்க வேண்டாமா?" அவர் குரல் உடைந்தது. அந்த மனிதர் பயப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. அவர் வீம்புக்காக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்றுதான் அன்று வரை நினைத்திருந்தாள்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், திட்டவில்லை. அவர் காலடியில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாம ஊத்தக் கூடாது, சரி. சாஸ்தாவே இறங்கி வந்து அணைச்சா அது குத்தமா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் கேனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இது அவரு மேனியில பட்ட தண்ணி. அவரு காட்டைக் காப்பாத்த அவரே வாராரு. நீங்க வழி மட்டும் விடுங்க."

சுடலையாண்டி கேனைப் பிடித்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். மூன்று கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி, நீயே பாத்துக்கோ" என்று சொல்லி, அஞ்சு லிட்டரையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினார். அடுப்பு சீறி அடங்கியது. ஏழு தலைமுறையில் முதல் தடவை.

கேனை வீசிவிட்டு, மருதமரத்திலேயே கையெட்டும் கொப்பு ஒன்றை ஒடித்தார். "என் இடம் எதுவுடி?"

"ஒண்ணாம் எடம், அண்ணாச்சி. முகட்டு உச்சி!"

அடுத்த முக்கால் மணி நேரம் அந்த முகட்டில் நடந்ததைப் பார்க்க சாஸ்தாவைத் தவிர வேறு ஆள் இல்லை. சருகைக் கூட்டிக் கூட்டித் தீ வருகிற பக்கமாகத் தள்ளினார்கள். பத்து எட்டு தூரம் ஒருவருக்கு. முடித்தவர்கள் பக்கத்து ஆளுக்குக் கை கொடுத்தார்கள். உச்சிமாகாளி எல்லைக் காவலில் நின்றது போல விறைப்பாக நின்று கூட்டினார். சுடலையாண்டி உச்சியில் நின்றுகொண்டு, "ஏலே முத்துச்செல்வம், இடது பக்கம் ஓட்டை விட்டிருக்கலே! அடைலே!" என்று பழைய குரலில் கத்தினார். கோடு மறுபடி தரையாகத் தெரிந்தது, கறுப்பும் சிவப்புமாக ஒரு நீள வாய்க்கால் போல.

தீ வந்தது. ஆள் உயரப் புல்லைத் தின்றுகொண்டு, வெடித்துக்கொண்டு வந்தது. முகத்துப் பூனைமயிர் பொசுங்கியது. பொறி பறந்து இந்தப் பக்கம் விழுந்த இடத்திலெல்லாம் தழைக்கொப்பு விழுந்தது. கல்யாணசுந்தரி கடைசி இடத்தில், தன் நெல்லிக் கன்றுகளுக்கு நேர் மேலே நின்று அடித்தாள். கை வலித்ததோ, சேலை முந்தியில் தீப்பிடித்து மூக்கம்மாள் அதைக் கசக்கி அணைத்ததோ அவளுக்கு உறைக்கவில்லை. "வராதே, இந்தப் பக்கம் வராதே" என்று தீயைத் திட்டிக்கொண்டே இருந்தாள். லாரிக்காரர்கள் கேட்டிருந்தால் அசந்துபோயிருப்பார்கள்.

தீ கோட்டுக்கு வந்தது. கோட்டு ஓரமாக நின்று எட்டிப் பார்த்தது. அப்புறம் அப்படியே உட்கார்ந்தது. அந்த முனையிலிருந்து இந்த முனை வரை, நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால், தின்ன ஒன்றும் கிடைக்காமல் அவிந்து போயிற்று.

கிறிஸ்டி நாலு வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்தபோது, எல்லோரும் கரி பூசிய முகத்தோடு கோட்டில் வரிசையாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அவள் முகட்டு நெடுக நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

கல்யாணசுந்தரி எழுந்தாள். "அந்தப் பக்கம் கருகிப் போச்சும்மா. ஒத்தப் புல்லு இல்ல, ஒரு கூறு மலையே கருகிட்டு. நான் எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். சொன்ன வாக்கை மாத்த மாட்டேன்."

உச்சியிலிருந்து இறங்கி வந்திருந்த சுடலையாண்டி முன்னால் பாய்ந்தார். "யாரு எழுதிக் குடுத்தா என்னம்மா? இது எங்க அடுப்புத் தீ இல்ல. நாற்பத்து மூணு சாட்சி இருக்கோம். வாக்குமூலம் எழுதுதேன், பேப்பர் குடு!"

கிறிஸ்டி அவரைக் கையமர்த்திவிட்டு, பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்து ரேஞ்சரிடம் பேசினாள். நீளமாகப் பேசினாள். இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, எங்க ரேஞ்சில இன்னைக்கு மூணு இடத்துல தீ. ரெண்டுல நாங்க போய்ப் போராடி அணைச்சோம். நாங்க வர்றதுக்கு முன்னாடியே அணைஞ்சது இது ஒண்ணுதான். பாதையை அடைச்சிருந்தா இங்க இன்னைக்கு ஆளே இருந்திருக்காதுன்னு சார்கிட்ட சொன்னேன். பாதை திறந்தே இருக்கட்டுமாம். இன்னொண்ணும் சொன்னாங்க. இந்த மலையில இருக்கிற மத்த சாஸ்தா கோயில்காரங்களுக்கும் நீங்கதான் அடுப்பு வரிசை போட்டுக் கொடுக்கணுமாம்."

மூக்கம்மாள் குலவையிட்டாள். அது முகடு முழுக்கப் பரவியது. ஏட்டும் பட்டாளத்துக்காரரும்கூட வெட்கமில்லாமல் குலவையிட்டார்கள். சுடலையாண்டி முகத்தைத் துண்டால் துடைத்தார். கரி போகவில்லை, கண்தான் இன்னும் சிவந்தது.

"ஏ தலைவி, உங்க குழுவுல ஆம்பிளையளைச் சேப்பியளா?"

"சேப்போம். தை மாசம் கோடு வெட்ட வரணும். உக்கார நாற்காலி எல்லாம் கிடையாது அண்ணாச்சி."

"வாரேன்டி" என்றார் அவர்.

இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மலையடிவாரத்தில் அத்தனை வேன்களும் நின்றன. புகையைப் பார்த்துவிட்டு வழியிலிருந்து திரும்பி வந்திருந்தன. ரயிலை மறந்துவிட்டு லிங்கேஸ்வரனும் நின்றான். ஊர் முழுக்க அங்கே கூடி, வாயில் கைவைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தி பொசுங்கிய சேலையோடும் கரி அப்பிய முகத்தோடும் முன்னால் வந்த பெண் யாரென்று அவர்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் வாயைத் திறந்ததும்தான் தெரிந்தது.

"என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிய? நம்ம காடு எரியலலே! ஒரு கன்னுகூட எரியல! போயி உலையை வைங்க, நாற்பத்து மூணு பேருக்குப் பசிக்குது!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை ஊரார் முன்னால்தான் அழுதாள், சிரித்துக்கொண்டே.